அருள்மேரி சுருக்கிய கைகள்

எந்தப் படம் கைக்கு வந்தாலும் அருள்மேரி முதலில் அதைக் கால்வாசியாகச் சுருக்கிவிடுவாள். கல்யாண வீடியோ கடையில் பன்னிரண்டு வருடம் குப்பை கொட்டியபோது ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. அங்கிருந்த கிழட்டுக் கம்ப்யூட்டர், கொஞ்சம் பெரிய படத்தைத் திறந்தாலே அப்படியே நின்றுவிடும். சுருக்கிப் போட்டுத்தான் அவள் காலம் தள்ளினாள்.

இப்போது சேலையூரில் கார்ட்டூன் வீடியோ எடுக்கும் சின்ன ஸ்டுடியோவில் இருக்கிறாள். ஊரப்பாக்கத்தில் ரயில் ஏறி, தாம்பரத்தில் பஸ் மாறி, ஒன்பதரைக்கெல்லாம் வந்துவிடுவாள். ஓவியர் கேஷவ் கண், வாய், கை, கால் என்று தனித்தனியாக வரைந்து தருவான். அதையெல்லாம் மென்பொருளில் கோத்து, பொம்மையை ஆட்டிவைப்பது அவள் வேலை. கம்ப்யூட்டர் புதுசு, பழக்கம்தான் பழசு.

காது கேளாத குழந்தைகளின் பள்ளிக்கு, பொம்மை கைச்சாடையில் பாடம் நடத்தும் வீடியோ ஒன்று செய்து அனுப்பினார்கள். அதைப் பார்த்துவிட்டு பள்ளியிலிருந்து சின்மயி டீச்சர் போன் செய்தார்.

"கை மட்டும் ஒரே மங்கலா இருக்கு. காட்டறது ரெண்டு விரலா, மூணு விரலான்னு பசங்க சண்டை போடறாங்க."

காது கேட்காத பிள்ளைக்கு விரல்தானே பேச்சு, அது மங்கினால் பாடமே இல்லை. அருள்மேரி இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டாள். அசைவில் மங்கலாக்கும் வசதியை அணைத்தாள். வீடியோவின் அளவைக் கூட்டினாள். கையை அசையாமல் நிறுத்தியும் பார்த்தாள். நின்ற கையும் பனிமூட்டத்தில்தான் நின்றது.

"இன்னாம்மா பிரச்சனை?" என்று முதலாளி தனசிங் வந்து நின்றதும் அவளுக்குப் பதற்றம்.

"கேஷவ் வரஞ்ச கோடே மங்கலா கீது சார்."

"என் படம் தெளிவாதான் இருக்கு அக்கா" என்றான் கேஷவ்.

"அல்லாரும் அப்டித்தான் சொல்வாங்க."

தனசிங் மேற்கொண்டு ஒன்றும் விசாரிக்கவில்லை. நாளையிலிருந்து வரவேண்டாம் என்று கேஷவை அனுப்பிவிட்டார். இவ்வளவு தூரம் போகும் என்று அவள் நினைக்கவேயில்லை. வாயைத் திறந்து தடுக்கவும் இல்லை.

புது ஓவியருக்கு மாதிரி காட்டுவதற்காக மறுநாள் காலை கேஷவின் அசல் படத்தைத் திறந்தாள். நகக்கண் தெரிந்தது, உள்ளங்கை ரேகைகூடத் தெரிந்தது. பொம்மையில் மாட்டியிருந்த கையையும் பக்கத்தில் திறந்து வைத்துப் பார்த்தாள்.

தன் வழக்கப்படி அந்தக் கைகளையும் அவள் சுருக்கியிருந்தாள். அதுவரை செய்த கார்ட்டூன் கதைகளில் பொம்மையின் கை திரையில் சின்னதாகவே வரும், அதனால் யாருக்கும் தெரியவில்லை. சாடைப் பாடத்துக்குக் கை பெரிதாக வேண்டுமென்று, சுருக்கியதையே இழுத்துப் பெரிதாக்கியிருக்கிறாள். சுருக்கியபோது போன கோடு இழுத்தால் திரும்பி வருமா?

அசல் கைகளை அப்படியே மாட்டினாள். பொம்மையின் ஐந்து விரலும் பளிச்சென்று நின்றன. நேரே தனசிங்கிடம் போய் நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள்.

அவர் சிரித்தார். "சரியாயிடுச்சில்ல, வுடுங்கம்மா. ஸ்கூல்ல ஆர்டிஸ்ட் தப்புன்னு சொல்லியாச்சு. புது ஆளும் வர்றான். நீங்க ஏன் தலைய குடுக்குறீங்க?"

விட்டிருக்கலாம். அவள் பெயர் கெடாது, வேலையும் போகாது. ஆனால் அந்தப் பையன் "தெளிவாதான் இருக்கு அக்கா" என்றபோது அவன் முகத்தைக்கூட அவள் பார்க்கவில்லை. அதை நினைத்தால் அவளுக்கே அவள்மேல் எரிச்சலாக வந்தது.

"தப்பு என்துது சார். அவன் வரலன்னா நானும் நின்னுக்கிறேன்" என்றாள். அவர் பதிலுக்குக் காத்திராமல் அங்கேயே கேஷவுக்குப் போன் போட்டாள்.

"உன் படம் நல்லாதான் கீது தம்பி. நான்தான் சுருக்கிக் கெடுத்துட்டு, பழிய உன்மேல போட்டேன். மன்னிச்சிடு."

கேஷவ் ஒன்றுதான் கேட்டான்.

"அக்கா, இதை அம்மாகிட்டே ஒரு தடவை சொல்றேளா? தப்பு என்னுது இல்லேன்னு நான் சொன்னா நம்பமாட்டேங்கறா."

போன் கை மாறியது. "நான் கேஷவோட அம்மா நாகலக்ஷ்மி பேசறேன்" என்றது ஒரு தளர்ந்த குரல். அருள்மேரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.