மதிலில் நின்ற அம்மா

எங்கள் ஒழுங்கை வீடுகளில் கடவுளுக்குப் பயப்படாத சிலர் இருந்தார்கள். அம்மாவுக்குப் பயப்படாதவர் ஒருவரும் இல்லை. இந்த உண்மையைக் கண்டுபிடித்து ஊர் நன்மைக்குப் பயன்படுத்தியவர் அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா. அதற்குப் பரிசாக அவருக்குக் கிடைத்தது கட்டார் போகும் விமானத்தில் ஓர் இருக்கை.

மாமா மதில்களில் படம் வரைகிறவர். யாராவது அவரை விளம்பரம் எழுதுகிறவர் என்று சொல்லிவிட்டால் அன்று முழுக்கச் சாப்பிடமாட்டார். கடலாமையைக் காப்பாற்று, கண்டல் மரத்தை வெட்டாதே, பெண்பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பு என்று நல்லது சொல்லும் படங்களைத்தான் வரைவார். கப்பல்துறைக் கிராமத்தில் அவர் வரைந்த யானையைக் கண்டு ஒரு மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியதாம். சாட்சி மாமா ஒருவர்தான்.

அம்மாவுக்கு இந்த வேலை அறவே பிடிக்காது. கட்டாரில் வேலை செய்த அப்பாவின் கூட்டாளியைப் பிடித்து விசா எடுப்பித்து வைத்துக்கொண்டு, போ போ என்று நின்றார். மாமா போகமாட்டேன் என்றார். எனக்கு அப்போது ஒன்பது வயது. மாமா இல்லாத வீட்டில் நான் எப்படி இருப்பது என்று அழுதுகொண்டு திரிந்தேன்.

கடைசியில் அக்காவும் தம்பியும் ஒரு பந்தயம் கட்டினார்கள். உட்துறைமுக வீதியிலிருந்து எங்கள் ஒழுங்கை பிரியும் மூலையில், பூட்டிக் கிடந்த களஞ்சியம் ஒன்றின் நீண்ட மதில் இருந்தது. ஊரார் குப்பை கொட்டுவது அதன் அடியில்தான். நகரசபை உழவு இயந்திரம் காலையில் இழுவைப் பெட்டியில் அள்ளிக்கொண்டு போனால் மத்தியானம் மறுபடியும் மலையாகிவிடும். ரவுண் தெருக்களில் மாடுகள்போலச் சுற்றித் திரியும் மான்கள் அதைக் கிளறி, சோறு ஒட்டிய லஞ்ச் சீற் என்ற பிளாஸ்ரிக் தாளையும் சேர்த்து விழுங்கி, வயிறு ஊதிச் செத்தன. அந்த மதிலில் படம் வரைந்து குப்பையை நிறுத்திக் காட்டுகிறேன் என்றார் மாமா. ஆடி அமாவாசை வரைக்கும் தவணை.

"அண்டைக்கு விடிய ஒரு சொப்பிங் பை கிடந்தாலும் நீ பிளேன் ஏறுவாய். ஓமோ?" என்றார் அம்மா.

"ஓம் அக்கா, ஓம்."

முதலில் மாமா ஒரு மானை வரைந்தார். மதிலின் உயரத்துக்கு மான். அதன் வயிற்றைத் திறந்து காட்டி, உள்ளே சொப்பிங் பைகள் அடைந்து கிடப்பதாக வரைந்தார். தத்ரூபமாக இருக்கவேண்டும் என்று குப்பையிலிருந்தே பைகளைப் பொறுக்கி, பார்த்துப் பார்த்து, கடைகளின் பெயர்களோடு தீட்டினார். பார்க்கிறவர்கள் பதறிப்போவார்கள் என்று நம்பினார். புடவைக்கடை முதலாளி பழச்சீப்புடன் வந்து நன்றி சொன்னார். அவருடைய கடைப் பை ஈரலுக்குப் பக்கத்தில், எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் இருந்தது. பலசரக்குக் கடைக்காரர் தன் பையை ஏன் குடலுக்குள் ஒளித்தாய் என்று சண்டைக்கு வந்தார். ரியூசன் மாஸ்ரர் ஒருவர், தன் வகுப்பின் பெயரைப் போட மானின் பின்னங்கால் பக்கம் வெறுமையாக இருக்கிறதே என்று மெல்லக் கதை விட்டுப் பார்த்தார்.

அதோடு போகவில்லை. படத்தைப் பார்க்கக் குடும்பம் குடும்பமாக ஆட்கள் வந்தார்கள். வந்தவர்கள் உண்மையான மான்களுக்குக் கொடுக்கப் பாணும் வாழைப்பழமும் கொண்டுவந்தார்கள். கொண்டுவந்த பைகளை அங்கேயே போட்டுவிட்டு, மானைப் பார்த்து இரக்கப்பட்டுக்கொண்டு போனார்கள். குப்பை இரட்டிப்பானது. அம்மா மாமாவுக்குப் பயணப்பெட்டி வாங்கினார்.

மாமா இரண்டு நாள் முகட்டைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். வேறு ஊர்களில் இப்படியான மதில்களில் சாமி படம் வரைவார்களாம். நாலு சமயத்தவர்களும் புழங்கும் எங்கள் ஒழுங்கையில் எந்தச் சாமியை வரைந்தாலும் மற்ற மூன்று பகுதியினருக்கும் குப்பை போட அனுமதி கொடுத்ததாகிவிடும். நாலு பகுதியினரும் ஒரேயளவு பயப்படுகிற ஒருவர் வேண்டும். மாமா எழும்பி உட்கார்ந்தார்.

தம்பலகாமத்தில் ஒரு சாமத்தியச் சடங்கு வீட்டுக்குப் போயிருந்த அம்மா, திரும்பி வந்து மூலையில் ஓட்டோவிலிருந்து இறங்கியபோது, மதிலில் தானே நிற்பதைக் கண்டார். பனை உயரம் என்று பிறகு எல்லோரிடமும் சொன்னார். அவ்வளவு இல்லை. ஆனால் முறைப்பு இருந்தது, நீட்டிய விரல் இருந்தது, சட்டையில் குத்தியிருந்த ஊசிகூட இருந்தது. ஓட்டோக்காரர் மதிலையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அக்கா, இது நீங்களோ?"

அம்மா ஓட்டோக்காசை எண்ணிக் கொடுத்துவிட்டு நடந்தார். வீட்டுக்கு வந்து மாமாவிடம்தான் சொன்னார். "உனக்கென்ன விசரா? என்ர கலியாணப் படத்திலயே நான் இவ்வளவு பெரிசா இல்லையடா!"

ஆனால் குப்பை நின்றுவிட்டது. பையுடன் வந்தவர்கள் மூலையில் தயங்கி, ஏதோ மறந்ததுபோலத் திரும்பிப் போனார்கள். மீன் கழிவை அங்கே வீசிப் பழகிய கிண்ணியா மீன்காரர், மதிலைக் கடக்கும்போது மோட்டார் சைக்கிளை மெதுவாக்கி, மடித்துக் கட்டிய சாரத்தை ஒரு கையால் இறக்கிவிட்டார். மாமா ஒழுங்கையில் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். நானும் நடந்தேன்.

அமாவாசை நெருங்கும்போது சனியன் பிடித்தது. ஒவ்வொரு விடியலிலும் மதிலடியில் ஒரே ஒரு பை கிடந்தது. அம்மாவின் அந்தப் பார்வைக்குக் கீழே துணிந்து வந்து பை வைக்கிறவன் சாதாரண ஆளில்லை என்று மாமா சொன்னார். பலசரக்குக் கடைக்காரர்மீது எங்கள் இருவருக்கும் சந்தேகம்.

அமாவாசையன்று விடியமுன் பக்கத்து வீட்டு ஓட்டோவுக்குள் மாமாவும் நானும் ஒளிந்திருந்தோம். கிழக்கு வெளுத்தபோது ஒருவர் தலையைத் துவாயால் மூடிக்கொண்டு வந்தார். கையில் ஒரு பை. அதை மதிலடியில் வைத்தார். மான் ஒன்று மோப்பம் பிடித்து வர, "ச்சூ, இதுக்குள்ள ஒண்டுமில்லை, தேங்காய்ப் பொச்சு நார்தான்" என்று விரட்டினார். குரல் எங்கள் அம்மாவினுடையது. பிறகு அம்மா நிமிர்ந்து மதிலைப் பார்த்தார். விரல் நேரே அவரைத்தான் சுட்டிக்கொண்டிருந்தது. துவாயை இன்னும் இழுத்து மூடிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போய்விட்டார்.

கையும் களவுமாகப் பிடிக்க நான் பாய்ந்தேன். மாமா என் வாயைப் பொத்தி இழுத்து உட்கார்த்தினார். முதலில் சத்தமில்லாமல் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அம்மா போன பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பையை எடுத்து ஒளித்துவிட்டால் பந்தயம் எங்களுடையது. மாமாவோ அதைத் தூக்கிக்கொண்டுபோய்க் அம்மா அடுப்பு மூட்டும் குசினி வாசலில் வைத்தார். "கிடந்தது அக்கா. நான் தோத்துப்போனன்" என்றார். அம்மா தன் கையால் போட்ட முடிச்சைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் வாயைத் திறந்தபோது மாமா என் தொடையில் கிள்ளினார். ஏமாற்றிய அம்மாமீதும் தெரிந்தே ஏமாந்த மாமாமீதும் எனக்கு அப்படி ஒரு கோபம்.

மாமா கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் புறப்பட்ட அன்று வீடே அழுதது. அம்மா மட்டும் அழவில்லை. இறங்கும் இடத்தின் பெயர், கூட்டிப்போக வருகிறவரின் பெயர், தங்கும் அறையின் விலாசம் எல்லாவற்றையும் மாமாவைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்துக் கேட்டார். ஒவ்வொரு முறையும் அவர் முகம் மலர்ந்தது. இப்படியும் ஓர் அக்காவா என்று நான் வான் வண்டிக்குப் பின்னால் நின்று பல்லைக் கடித்தேன்.

அம்மாவுக்கு ஓர் அண்ணனும் இருந்தார் என்பது எனக்கு அப்போது தெரியாது. சண்டைக்காலத்தில் ஒரு மாலை, மதிலில் ஏதோ எழுதவேண்டும் என்று பெயின்ற் வாளியும் தூரிகையுமாக வெளியே போனவராம். இப்போது வந்துவிடுவேன் என்றவர் வரவேயில்லையாம். நான் வளர்ந்தபிறகு அப்பாதான் சொன்னார். போகிற ஒருவர் எங்கே போகிறார் என்று தெரிந்திருப்பது எவ்வளவு பெரிய சந்தோசம் என்பது ஒன்பது வயதில் யாருக்குத்தான் விளங்கும்.