வாசலில் நத்தார் மரக் கொப்புகள்

பக்கத்து வீட்டு மூதாட்டி ஆனா, தான் பிறந்தது ஜேர்மனியில், கலியாணம் கட்டியது டென்மார்க்கில் என்பார். எப்போது இடம்பெயர்ந்தீர்கள் என்று, ஒரு அகதி இன்னொரு அகதியை விசாரிக்கும் அக்கறையோடு கேட்டேன். பெயரவே இல்லையாம். அதே வீடு, அதே அறை. முதலாம் உலகப்போர் முடிந்து வாக்கெடுப்பு வைத்தபோது எல்லைதான் எழும்பித் தெற்கே நடந்து போயிருக்கிறது. டென்மார்க்கில், யூட்லாந்தின் தென்கோடியில் கிடக்கும் இந்தக் கிராமத்துத் தேவாலயச் சுவரில், ஜேர்மன் மன்னனுக்காகச் செத்த டேனிஷ் பெடியன்களின் பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. இன்றைக்கும் ஞாயிறு காலையில் ஒரு கூட்டம் டேனிஷில் கும்பிடும், பின்னேரம் இன்னொரு கூட்டம் ஜேர்மனில் கும்பிடும். திங்கட்கிழமை எல்லோரும் ஒரே பேக்கரியில் வரிசையில் நிற்பார்கள். நாலு எல்லைகளைத் திருட்டுத்தனமாகக் கடந்து, இரண்டில் பிடிபட்டு வந்தவன் நான். அசையாமல் இருந்தே நாடு மாறிய இந்தச் சனங்களைப் பார்க்க எனக்கு வயிறெரிந்தது.

என் மனைவி வசந்தி அப்போது கொழும்பில் ஒரு லொட்ஜில் காத்திருந்தாள். தமிழர்கள் குடும்பத்தைக் கூப்பிடப் போட்ட மனுக்களைத் தொடவேண்டாம் என்று டென்மார்க் அமைச்சின் மேலிடத்தில் வாய்வழிக் கட்டளை இருந்தது எங்களுக்குத் தெரியாது. அது பிறகு 'தமிழர் விவகாரம்' ஆகி ஓர் அரசாங்கத்தையே கவிழ்த்தது. என் மனு மட்டும்தான் மேசைக்குக் கீழே விழுந்துவிட்டது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு ஆனா ஒவ்வொரு நாளும் வேலிக்கு மேலால், அவள் வருகிறாளா என்று கேட்பார். கடைசியில் ஒருநாள் அனுமதி வந்தது. அவள் வரும் நாளை ஆனாவிடம் மட்டும் சொன்னேன்.

அந்த நாள் விடிய, என் வீட்டுக்கு முன்னால் ஒரு உழவு இயந்திரம் வந்து நின்றது. பின்பெட்டி நிறைய நத்தார் மரக் கொப்புகள், கிறிஸ்மஸுக்கு வீட்டுக்குள் வைக்கிற அந்த ஊசியிலை மரத்தினது. நாலைந்து பேர் பேசாமல் இறங்கினார்கள். மாரியில் எதிர்வீட்டுக் கமக்காரர் செத்தபோது, படலையிலிருந்து தெருவரை இதே கொப்புகளைத்தான் பரப்பி, அதன் மேலால் சவப்பெட்டியைத் தூக்கிப் போனார்கள். வசந்தி வரும் விமானம் விழுந்திருக்கிறது. டென்மார்க் முழுவதற்கும் தெரியும், எனக்குத்தான் தெரியாது. வானொலியைத் திருப்பினேன். பன்றி இறைச்சி விலை போய்க்கொண்டிருந்தது. அதையும் செத்தவீட்டுக் குரலில்தான் வாசித்தார்கள்.

கதவைப் பூட்டிவிட்டு, வைலே நகரத்திலிருக்கும் சிநேகிதருக்குத் தொலைபேசி எடுத்தேன். விமான நிலையத்திலிருந்து வசந்தியைக் கூட்டிவர அவருடைய காரில்தான் நாங்கள் போவதாக இருந்தது.

"அண்ணை, பிளேன் விழுந்திட்டுது."

"ஆர் சொன்னது?"

"வாசல்ல கொப்பு கொண்டுவந்து இறக்கினம்."

"தம்பி, பிளேன் விழுந்தா ரேடியோவில சொல்லுவாங்கள், கொப்பில சொல்லமாட்டாங்கள். கதவைத் திறந்து கேள். நான் வெளிக்கிட்டு வாறன்."

திறந்தேன். அழுத கண், இடுப்பில் சாரம், ஒரு காலில் மட்டும் செருப்பு. வாசலைச் சுற்றிக் கொப்புகளால் வளைவு பாதி எழும்பியிருந்தது. டேனிஷில் கும்பிடுபவர் ஏணியைப் பிடிக்க, ஜேர்மனில் கும்பிடுபவர் ஆணி அடித்துக்கொண்டிருந்தார். ஆனா கடதாசிப் பூக்களைக் கட்டிக்கொண்டு நின்றார். இந்தப் பக்கத்தில் இருபத்தைந்து வருடம் சேர்ந்து வாழ்ந்த தம்பதிக்குத்தான் அயலவர்கள் இப்படி வளைவு கட்டுவார்களாம்.

"நீங்கள் பிரிஞ்சிருந்த வருசத்தை நாங்கள் பெருக்கி இருபத்தைஞ்சாக்கிட்டம்," என்றார் ஆனா. என் கோலத்தைப் பார்த்து, சந்தோஷத்தில் அழுகிறேன் என்று முடிவு கட்டினார். நானும் மறுக்கவில்லை.

மத்தியானம் என்னோடு காரிலிருந்து இறங்கிய வசந்தி, வளைவையும் சனத்தையும் பார்த்து என் காதுக்குள், "இஞ்சேருங்கோ, ஆற்றை கலியாணம்?" என்றாள். எங்கட கலியாணம் என்று சொல்ல முயன்றேன். பிறகு அவளுடைய சூட்கேசைத் தூக்கிக்கொண்டு வளைவுக்குள் நடந்தேன்.

முறைப்படி வளைவு கட்டியவர்களுக்கு வீட்டுக்காரன் கோப்பி கொடுக்கவேண்டும். எல்லோரும் நெருங்கி இருந்தோம். ஆனா வசந்தியின் கையைப் பிடித்தபடி, எவ்வளவு காலம் இருப்பாய் என்று கேட்டார். நான் அதை வசந்திக்குத் தமிழில் சொன்னேன்.

"சண்டை முடிஞ்ச உடனை போயிடுவம் எண்டு சொல்லுங்கோ," என்றாள் வசந்தி. "ஊர் வீட்டுக் கூரை ஓடும் மாத்தோணும்."

எல்லா முகங்களும் என்னைப் பார்த்தன.

"இனி எப்பவும் இங்கைதானாம்," என்றேன் டேனிஷில்.

மேசை முழுவதும் கைதட்டியது. நாங்கள் ஊருக்குத் திரும்பிப் போவதற்கு இந்தச் சனம் இவ்வளவு சந்தோஷப்படுகிறதே என்று வசந்தி கண்கலங்கிச் சிரித்தாள். இரண்டு பதில்களுக்கும் நடுவில் இருந்த நான், ஆறிப்போன கோப்பியை ஊதி ஊதிக் குடித்தேன்.