செங்கல் பிடித்த கை

போன சனிக்கிழமை சாயங்காலம், தி.நகரில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில், பத்துப் பெண்கள் சேர்ந்து என் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். “கஸ்தூரி! கஸ்தூரி!”

அதற்கு முந்தைய ஆறு வாரமும் கத்தினார்கள்தான். ஆனால் அது வேறு மாதிரிக் கத்தல்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்குத் தெரியும். பஸ்ஸைத் தவறவிட்டது, ரேஷன் கடையில் ஏமாந்தது என்று நான் தோற்ற கதைகளைத்தான் எழுதுவேன். இந்த வாரம் ஜெயித்த கதை. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தேனாம்பேட்டையில் நான் டைப்பிஸ்டாக இருக்கும் ஆபீசில் பெண்களுக்கு ஒரு த்ரோபால் அணி உண்டு. அடுத்த மாதம் ஆபீஸ்களுக்கு இடையே போட்டி. நான் உயரம் என்ற ஒரே காரணத்துக்காகக் கேப்டன் வைதேகி மேடம் என்னைப் பயிற்சிக்குச் சேர்த்துக்கொண்டார். மேடம் மயிலாப்பூர்க்காரர், சீனியர் கிளார்க். ஆபீசில் அதிர்ந்து பேசமாட்டார். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு மைதானத்தில் இறங்கிவிட்டாலோ... அதே ஆளா என்று இருக்கும்.

த்ரோபால் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. வலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பந்து வரும். இரண்டு உள்ளங்கையாலும் பிடிக்க வேண்டும். உடம்பில் படக்கூடாது. மூன்று விநாடிக்குள் ஒரு கையால் திருப்பி எறிய வேண்டும். அவ்வளவுதான். பார்க்கிறவர்களுக்கு இதைவிட எளிதான ஆட்டம் கிடையாது.

எனக்குத்தான் வரவில்லை. பந்து வானத்திலிருந்து இறங்கி வரும். நானும் சரியாகக் கீழே போய் நிற்பேன். வந்ததும் என்ன செய்வேன்? மார்போடு சேர்த்து இறுகக் கட்டிக்கொள்வேன்! உடனே விசில். பாயிண்ட் போய்விடும்.

“கஸ்தூரி, தொட்டில் கட்டட்டுமா? தாலாட்டு பாடிடு!” என்பாள் ஷீலா. டெலிபோன் ஆபரேட்டர், அவள் குரல் தெருமுனை வரைக்கும் கேட்கும்.

ஏன் கட்டிக்கொள்கிறேன்? எனக்கே தெரியும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஆற்றோரக் குடிசையிலிருந்து பதினோரு வருஷம் புத்தகங்களை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தவள். மழை வந்தால் நான் நனைவேன், புத்தகம் நனையாது. கைக்கு வந்ததை விட்டுவிடாதே என்று உடம்பு கற்றுக்கொண்டுவிட்டது. அதனிடம் போய், மூன்றே விநாடியில் திருப்பிக் கொடு என்றால் கேட்குமா?

போன வியாழக்கிழமை வைதேகி மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“இதோ பாரு, சனிக்கிழமை மவுண்ட் ரோடு டீமோட கடைசி பிராக்டிஸ் மேட்ச். அன்னிக்கே லிஸ்ட் எழுதிடுவேன். அன்னிக்கும் பந்தைக் கட்டிண்டு நின்னேன்னா, நீ ஸ்கோர் நோட்டை எடுத்துண்டு ஓரமா உக்காந்துடு. நேக்கு வேற வழி தெரியல.”

சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். பஸ்ஸில் அழுதேன்.

ஸ்கோர் எழுதுவது கேவலமான வேலை இல்லை. ஆனால் ஓரமாக உட்கார்ந்து பார்ப்பதை நான் சின்ன வயதிலேயே போதும் போதும் என்கிற அளவுக்குச் செய்துவிட்டேன்.

வீட்டில் அம்மா என் கையைப் பார்த்துவிட்டாள்.

“இன்னாடி, விரலு வாயக்கா மாரி வீங்கிக் கீது?”

“பந்து பட்டுச்சும்மா.”

“பந்தா? காத்தடச்ச பந்தா?” அம்மா சிரிப்பை அடக்கவில்லை. பக்கத்துக் குடிசைக்கும் கேட்கும்படிச் சொன்னாள்: “ஏ ராணி, இங்க வந்து பாரேன்! செங்கல்லு புட்ச்ச கைக்குப் பந்து புடிக்கத் தெர்லியாம்!”

“கத்தாதம்மா. அது வேற, இது வேற” என்று எரிந்து விழுந்தேன்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆபீசில் யாருக்கும் சொல்லாதது. இந்தப் பக்கத்தில்கூட இதுவரை எழுதாதது.

என் அம்மா கட்டட வேலையில் சித்தாள். மே மாத லீவில் நானும் போவேன். நைனா சாரத்தின் கீழ்த்தட்டில் நின்று செங்கல்லை மேலே வீசுவார். அம்மா மேல்தட்டில் நின்று பிடிப்பாள். பிடித்த கையோடு எனக்கு. நான் கொத்தனாருக்கு. அம்மா களைத்து உட்காரும்போது அவள் இடத்தில் நான் நிற்பேன். எஸ்.எஸ்.எல்.சி. முடிக்கும்வரை எல்லா மே மாதமும் இப்படித்தான். வேலைக்கு மனுப் போட்டபோது ‘இதர தகுதிகள்’ என்ற இடத்தில் டைப்ரைட்டிங் ஹையர் என்று பெருமையாக எழுதினேன். செங்கல் பிடிப்பேன் என்று எழுதுவார்களா யாராவது? அம்மா என்ன செய்கிறார் என்று ஷீலா கேட்டதற்கு “வீட்டில்தான்” என்று சொல்லி வைத்திருந்தேன்.

சனிக்கிழமை வந்தது. ஆளுக்கு ஒரு ஆட்டம் ஜெயித்து, மூன்றாவது ஆட்டம். பதினைந்து பாயிண்ட் எடுப்பவர்களுக்கு வெற்றி. என் பலவீனத்தைக் கண்டுபிடிக்க மவுண்ட் ரோடுக்காரர்களுக்கு அதிக நேரம் ஆகவில்லை.

“பச்சைப் புடவையைப் பார்த்துப் போடு!” என்று ஒருத்தி கத்தினாள். பச்சைப் புடவை நான்தான். நெட்டையாக இருந்த இன்னொருத்தி போட்டுக்கொண்டே இருந்தாள். நானும் கட்டிக்கொண்டே இருந்தேன். அவர்கள் பதினான்கு. நாங்கள் பதினொன்று. இன்னும் ஒரே ஒரு பந்தை நான் விட்டால் முடிந்தது... ஆட்டமும், நானும்.

அடுத்த பந்தும் எனக்கே. பயத்தில் கையை விறைப்பாக நீட்டிவிட்டேன். ‘படார்’ என்று அறைந்தது. எப்படியோ கையில் நின்றது. அவசரமாக வலைக்கு மேல் தள்ளினேன்.

உள்ளங்கை எரிந்தது. ஆனால் எனக்குள் அந்தச் சத்தம்தான் நின்றது. படார்!

சாரத்தில் அந்தச் சத்தம் வரவே வராது. வந்தால் தோல் போய்விட்டது என்று அர்த்தம். செங்கல்லை யாரும் எதிர்த்துப் பிடிப்பதில்லை. கையை முன்னே அனுப்பி, அது வரும் வேகத்தோடு கூடவே கொஞ்ச தூரம் போய், சத்தமில்லாமல் வாங்கிக்கொள்வோம். கட்டிக்கொண்டு நிற்கவும் முடியாது. நைனா அடுத்த செங்கல்லை வீசியிருப்பாரே! வாங்கு, கொடு. வாங்கு, கொடு.

இதை மே மாதம் பூராவும் செய்தவள்தானே நான்?

பந்து திரும்ப வந்தது. உயரமாக. நைனா வீசியது என்று நினைத்துக்கொண்டேன். கை தானாக முன்னே போனது. சத்தமே இல்லை. வாங்கின வேகத்திலேயே தோளுக்கு மேல் சுற்றி எறிந்தேன். நெட்டைக்காரி இன்னும் தலைப்பைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அவள் காலடியில் விழுந்தது. பன்னிரண்டு.

அதிர்ஷ்டம் என்று நினைத்தார்கள் போலிருக்கிறது. மறுபடியும் பச்சைப் புடவைக்கே போட்டார்கள். வாங்கு, கொடு. பதிமூன்று. பதினான்கு. அவர்களால் பழக்கத்தை நிறுத்த முடியவில்லை. எனக்கு நிறுத்தும் உத்தேசமே இல்லை.

பதினைந்து!

அப்போதுதான் அந்தக் கத்தல். ஷீலா என்னைக் கட்டிக்கொண்டாள். விசில் ஊத ஆளில்லை.

வைதேகி மேடம் மூச்சு வாங்க வந்தார். “ஏண்டி, ஆறு வாரமா இதை எங்கே ஒளிச்சு வச்சிண்டிருந்தே? யார் சொல்லிக் கொடுத்தா?”

“சும்மா, பழகினதுதான்” என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் எரிகிற உள்ளங்கையை வைத்துக்கொண்டு எப்படிப் பொய் சொல்வது?

“கட்டட வேலையில மேடம். சாரத்துல நின்னு செங்கல் பிடிச்சிருக்கேன். எங்கம்மா இப்பவும் பிடிக்கிறாங்க. அடையாறுல.”

பந்தை எடுத்து முந்தானையால் துடைக்க ஆரம்பித்தேன்.

“எத்தனாவது மாடியில?” என்றாள் ஷீலா.

“மூணாவது.”

“அம்மாடி! எனக்கு ஸ்டூல் மேல ஏறினாலே தலை சுத்தும். வீட்ல இருக்காங்கன்னு ஏண்டி சொன்னே? நானா இருந்தா ஸ்விட்ச்போர்டுல எல்லா லைனுக்கும் சொல்லியிருப்பேன்!”

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். இத்தனை நாள் எதற்குப் பயந்தேன் என்று இப்போதும் புரியவில்லை. நாம் ஒளித்து வைப்பதைப் பார்க்க ஊரே காத்திருப்பதாக ஒரு நினைப்பு. ஊருக்கு அவரவர் ஸ்டூல், அவரவர் தலைசுற்றல்.

மேடம் லிஸ்ட்டை எடுத்து, என் பெயரை முதலாவதாக எழுதினார். பிறகு ஃபைலில் சந்தேகம் கேட்கும்போது வருமே, அந்தக் குரலில் கேட்டார்: “உங்கம்மாவை ஒருநாள் கிரவுண்டுக்கு அழைச்சிண்டு வரயா? எங்களுக்கும் அந்தச் சத்தமில்லாமப் பிடிக்கறதைக் காட்டச் சொல்லு.”

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். அடுப்பை ஊதிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். குதிப்பாள் என்று நினைத்தேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிதானமாக யோசித்தாள்.

“வர்றேன்னு சொல்லு. ஆனா ஞாயித்துக்கெயமதான் முடியும். மத்த நாள்ல எனக்கும் ஆபீசு கீதுல்ல?”