ஒன்றாம் தேதிச் சம்பளம்

மதுரையில் எத்தனை பேருக்குச் சம்பளச் சான்றிதழ் அடித்துக் கொடுத்திருப்பேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. ஜவுளிக்கடைக் கணக்குப்பிள்ளை, லாரி ஆபீஸ் கிளார்க், அரிசி மண்டி குமாஸ்தா, யார் பேங்கில் லோன் கேட்டாலும், யார் வீடு மாறினாலும், முதலாளியின் லெட்டர்பேடைத் தூக்கிக்கொண்டு என் வாசலுக்குத்தான் வருவார்கள். இன்னார் எங்களிடம் இத்தனை வருடமாக வேலை பார்க்கிறார், மாதம் இவ்வளவு வாங்குகிறார் என்று இங்கிலீஷில் அடித்துக் கொடுப்பேன். பாதிக்குப் பாதி பொய். கையில் வாங்குவது ஒன்று, பேப்பரில் அடிக்கச் சொல்வது அதைப்போல இரண்டு மடங்கு. அதையெல்லாம் ஊர் நம்பியது. நிஜமாகச் சம்பாதித்த என்னை ஒரு நாயும் நம்பவில்லை. அந்த வயிற்றெரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

எழுபதுகளின் கடைசி அது. வீட்டிலேயே மிஷினை வைத்து டைப் அடித்துப் பிழைத்தேன். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி பண்ணுகிறவர்கள் தீசிஸைக் கையால் எழுதிக்கொண்டு வந்து கொடுப்பார்கள். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. நடுவில் கார்பன் வைத்து நாலு காப்பி. ஓர் எழுத்து தப்பினால் நாலையும் தனித்தனியாக அழித்துச் சரிபண்ண வேண்டும். புருஷன் பம்பாய்க்கு வேலைக்குப் போகிறேன் என்று போனவர். கொஞ்ச நாள் மணியார்டர் வந்தது, அப்புறம் ஒரு கார்டுகூட வரவில்லை. அந்த ஆள் இருக்கிறாரா, எவளோடாவது இருக்கிறாரா என்று விசாரிக்க எனக்கு நேரமும் இல்லை, மனசும் இல்லை. என்னிடம் இருந்தது பழைய மிஷின் ஒன்றும், ஐந்து வயதில் ஒரு மகளும். அவளைக் கூடவே வைத்துக்கொண்டு ஒரு கூரைக்கடியில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் நான் கேட்டது.

வடக்கு மாசி வீதிப் பக்கம் ஒரு சந்தில் குடியிருந்தோம். மிஷின் சத்தம் மண்டைக்குள் இடிக்கிறது, மாதக் கடைசிக்குள் காலி பண்ணு என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். வாடகையை ஒரு நாள் தாமதிக்காமல் கொடுத்து வந்தவள் நான். அது அவர் காதில் ஏறவில்லை, டக்கு டக்கு மட்டும்தான் ஏறியது.

மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வீடு தேடினேன். போகிற இடமெல்லாம் ஒரே கேள்வி, புருஷனுக்கு எங்கே வேலை. டைப் அடிக்கிறேன், மாதம் இம்புட்டு வரும் என்று நான் சொன்னால், எந்த ஆபீஸ் என்பார்கள். வீட்டில் என்றால் முகம் மாறிவிடும். ஓர் அம்மாள் தீசிஸ் கொண்டுவருகிறவர்கள் எல்லாம் ஆம்பிளைகளா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். எந்நேரம் வரைக்கும் வருவார்கள் என்று கேட்டுவிட்டு, என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாளே ஒரு பார்வை, நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. பிள்ளை கையில் இருந்ததால் வாயை மூடிக்கொண்டு வந்தேன்.

கடைசியில் செல்லூரில் ஒரே ஒரு அறை அமைந்தது. சுற்றிலும் தறி ஓடுகிற தெரு, என் மிஷின் சத்தம் அங்கே யாருக்கும் கேட்கப் போவதில்லை. வீட்டுக்காரர் சத்தத்தைப் பற்றிப் பேசவே இல்லை, சம்பளத்தைப் பற்றித்தான் பேசினார்.

“வந்தா வரும். வராட்டி? ஆம்பள இல்லாத வீட்டுல வாடகைக்கு நான் யாரப் போய் கேக்குறது? சம்பளக்காரரு யாராச்சும் ஒரு ஆளப் பொறுப்பு எழுதிக் குடுக்கச் சொல்லுத்தா, சாவிய வாங்கிக்க.”

சம்பளக்காரர் என்று எனக்கு இருந்தது அண்ணன் ஒருத்தர்தான். அரசாங்க ஆபீஸில் ஹெட் கிளார்க், திருநகரில் சொந்த வீடு. அண்ணனுக்கும் மதினிக்கும் பிள்ளை கிடையாது. நான் போய் நின்றதும் மதினி என் மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு சீப்பை எடுத்தாள். நான் இன்னும் விஷயத்தையே சொல்லி முடிக்கவில்லை, அதற்குள் பிள்ளைக்கு வகிடு எடுத்துப் பின்ன ஆரம்பித்துவிட்டாள்.

அண்ணன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். அவருக்குக் கோபமே வராது, அதுதான் அவரிடம் எனக்குப் பயம்.

“கையெழுத்துப் போடாம எங்க போறேன். ஆனா பிள்ளை இங்கன இருக்கட்டும். நீ ஒரு நாளு சாப்புடுவ, ஒரு நாளு கெடப்ப, அதுக்கு என்ன தலையெழுத்து? பேங்க்ல ஒரு கணக்கத் தொடங்கு. ஒரு வருசம், ஒண்ணாம் தேதியானா ஒரே மாதிரி பணம் விழணும். எனக்கு விழுகுதுல்ல, அது மாதிரி. பாஸ்புக்கக் கொண்டாந்து காட்டிட்டுப் பிள்ளையக் கூட்டிட்டுப் போ.”

அது எப்படி அண்ணே, எனக்குத் தீசிஸ் முடிகிறபோதுதானே காசு வரும், ஒன்றாம் தேதிக்கு வராதே என்றேன். அதைத்தான் நானும் சொல்கிறேன் என்றார். மாதக் கடைசிக்கு நாலு நாள் இருந்தது. மகளை அங்கே விட்டுவிட்டு வெற்றுக் கையோடு பஸ் ஏறினேன். பழங்காநத்தம் வருகிறவரைக்கும் அழுதேன், கண்டக்டர் டிக்கெட் கேட்காமலே போய்விட்டார்.

பேங்கில் கணக்குத் தொடங்க, ஏற்கெனவே கணக்கு உள்ள ஒருத்தர் அறிமுகக் கையெழுத்துப் போட வேண்டும். செல்லூர் அறைக்குப் பொறுப்பு எழுதிக் கொடுத்த அண்ணன்தான் அதையும் போட்டார். கவுண்டரில் இருந்தவர் என்ன தொழில் என்று கேட்டார். டைப்பிஸ்ட் என்றேன். எந்த ஆபீஸ் என்றார். வீட்டில் என்றேன். பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அண்ணனைப் பார்த்தார். அண்ணன் சிரித்தார். கவுண்டர்காரர் ‘ஹவுஸ் வைஃப்’ என்று எழுதிக்கொண்டார். நான் பக்கத்திலேயே நிற்கிறேன், மரக்கட்டை மாதிரி.

அன்றிலிருந்து எனக்கு நானே முதலாளி ஆனேன், அதுவும் கருமி முதலாளி. நூற்றைம்பது ரூபாய் என்று முடிவு பண்ணினேன். தீசிஸ் குவிகிற மாதத்தில் இருநூறு முந்நூறு வந்தாலும் நூற்றைம்பதுதான் போடுவேன், மிச்சத்தை டப்பாவில் வைப்பேன். பல்கலைக்கழகத்துக்கு லீவு விட்டால் வேலையே இருக்காது. டப்பாவைக் கவிழ்ப்பேன், போதவில்லை என்றால் தோட்டைக் கழற்றி அடகு வைத்துப் போடுவேன். போட்ட பணத்தையே அடுத்த வாரம் வாடகைக்கு எடுப்பேன். பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் வரவுப் பக்கத்தில் ஒன்றாம் தேதி, நூற்றைம்பது, ஒன்றாம் தேதி, நூற்றைம்பது என்று எந்த ஹெட் கிளார்க்குக்கும் குறையாமல் விழுந்தது. ஒன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமையாக வந்தால் எனக்குப் பகீரென்றிருக்கும். திங்கட்கிழமை கதவு திறக்கும் முன்னால் போய் நிற்பேன்.

முதலில் ஞாயிறு தவறாமல் திருநகருக்குப் போனேன். போக வர பஸ் காசு, பிள்ளைக்கு ஏதாவது வாங்காமல் போக முடியாது, அதுவும் மதினி எதிரே ஒரு பொட்டலம் முறுக்கோடு போய் நின்றால் எகத்தாளமாகப் பார்ப்பாள். ஞாயிற்றுக்கிழமை அடிக்கிற பத்துப் பக்கமும் போய்விடும். பத்துப் பக்கம் இருந்தால் ஒன்றாம் தேதிக்கு ஆகுமே என்று கை கணக்குப் போடும். இந்த வாரம் வேண்டாம், முடித்துவிட்டு ஒரேயடியாகக் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொள்வேன். வாரம் ஒரு முறை மாதம் ஒரு முறை ஆனது. தீபாவளிக்கு அடுத்து இரண்டு மாதம் போகவே இல்லை. ஒருத்தர் அவசரம் அவசரம் என்று முந்நூறு பக்கம் கொண்டுவந்து போட்டுவிட்டார், விட மனசு வரவில்லை.

ஒவ்வொரு தடவை போகும்போதும் பிள்ளை கொஞ்சம் வளர்ந்திருப்பாள், கொஞ்சம் சதை போட்டிருப்பாள். புதுக் கவுன், புது ரிப்பன். கான்வென்டில் சேர்த்திருந்தார்கள். என்னைக் கேட்டுச் சேர்க்கவில்லை. ஃபீஸ் கட்டுகிறவர்கள் கேட்க வேண்டுமா என்று மதினி மெதுவாகத்தான் சொன்னாள். பாஸ்புக் நிறையட்டும், அப்புறம் வைத்துக்கொள்கிறேன் உன்னை என்று மனசுக்குள் கறுவிக்கொண்டேன்.

நிறைந்தது. ஒரு வருடத்துக்கு ஒரு மாதம் கூடவே போட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பினேன். அறையை வெள்ளையடித்து வைத்திருந்தேன். பிள்ளைக்கு ஒரு தலையணை, ஒரு தட்டு, எவர்சில்வர் டம்ளர் எல்லாம் வாங்கி வைத்திருந்தேன். பஸ்ஸில் மடியில் பாஸ்புக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் அந்த ரோட்டில் போனதே கிடையாது.

அண்ணன் குளித்துக்கொண்டிருக்கிறார், உட்காரு என்று சொல்லிவிட்டு மதினி காபி போட உள்ளே போனாள். மகள் முன்னறையில் தரையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“பாப்பா, நம்ம வீட்டுக்குப் போவமா?”

பென்சிலை வைத்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“ஒனக்குச் சம்பளம் வந்துருச்சா?”

யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்கவில்லை, கேட்கத் தேவையும் இல்லை. வந்துவிட்டது என்று சொன்னேன்.

“அத்தை சொல்லுச்சு, சம்பளம் இல்லாதவங்க வீட்டுக்குப் போனா பட்டினி கெடக்கணுமாம்.”

என் வயிற்றில் பிறந்தது. நான் ஊட்டிய சோற்றைத் தின்று வளர்ந்தது. கோபம் கோபமாக வந்தது, உள்ளே போய் மதினியின் முடியைப் பிடித்து இழுக்கலாம் போல. அதைச் செய்யாமல் பையிலிருந்து பாஸ்புக்கை எடுத்து அவள் முன்னால் விரித்தேன். பாவி, பெற்ற பிள்ளையிடம் வருமானம் காட்டினேன்.

அவள் சிரிக்கவில்லை. எண் படிக்கத் தெரிந்திருந்தது. வரவுப் பக்கத்தில் விரலை வைத்து ஒவ்வொரு வரியாக வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்தாள். நூத்தி அம்பது, நூத்தி அம்பது, நூத்தி அம்பது. பக்கத்தைத் திருப்பி அதையும் படித்தாள். கடைசி வரி வந்ததும் புத்தகத்தை மூடினாள்.

“மாமா குளிச்சுட்டு வரட்டும். கேட்டுட்டுச் சொல்றேன்.”

பாஸ்புக்கைக் கையிலேயே வைத்துக்கொண்டு எழுந்து உள்ளே போனாள். சரி என்று சொல்லிவிட்டு, சுவரோரமாக நகர்ந்து உட்கார்ந்து காத்திருந்தேன்.