முழுங்கிய வசனம்

எங்கள் நாடகக் குழுவில் வசனம் எடுத்துக் கொடுக்கிறவனை எல்லோரும் முணுமுணு என்றுதான் கூப்பிடுவோம். மேடை ஓரத்துத் தட்டிக்குப் பின்னால் ஸ்டூலைப் போட்டு, மடியில் நோட்டோடு உட்கார்ந்திருப்பான். நடிக்கிறவர்கள் திணறினால் அடுத்த வரியை மெல்ல எடுத்துக் கொடுப்பான். முன்வரிசைக்குக்கூடக் கேட்காது. அதில் கெட்டிக்காரன். மற்றபடி சந்தேகப் பிராணி. பெண்டாட்டி ஜன்னலோரம் நின்றால் தெருவில் எவன் போகிறான் என்று எட்டிப் பார்க்கிற ரகம்.

அவள்தான் எங்கள் கதாநாயகி. அவளுக்கு உடை மாட்டிவிடுகிறவள் நான். அந்த வீட்டு வண்டவாளம் எனக்குத் தெரியாமல் இருக்குமா?

அந்த வருஷம் போட்டது யாருக்கும் அதிகம் தெரியாத நாடகம். கப்பல் வியாபாரி ஒருவன், தம்பியோடு சேர்த்து மனைவியைச் சந்தேகப்பட்டு விஷம் கொடுத்துக் கொல்வான். அவள் மேல் தப்பில்லை என்று பிறகு தெரிந்து தலையில் அடித்துக்கொள்வான். அழுது வடிகிற கதை. தம்பி வேஷம் போட்டவன் சுருட்டைமுடிக்காரன், இளவட்டம்.

ஒத்திகையின் கடைசி நான்கு நாளும் முணுமுணு காய்ச்சலில் படுத்துவிட்டான். நாடகம் எழுதியவரே வசனம் எடுத்துக் கொடுத்தார். சும்மா இருப்பாரா மனுஷன்? நடுவில் புதிதாகச் சில வரிகள் சேர்த்தார். அவர் வாயால் சொல்ல, நடிக்கிறவர்கள் கேட்டுப் பாடம் பண்ணிக்கொண்டார்கள். முணுமுணுவின் நோட்டில் அதை ஏற்ற வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

நாடகத்தன்று காலை காய்ச்சல் விட்டுக் கண் விழித்திருக்கிறான். அடுப்படியில் அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே சொல்லிப் பார்க்கிறாள்: "நீங்க வராத நாள்ல இந்த வீட்டுக்கு வாசலே இல்லாத மாதிரி இருக்கு."

நாடகம் முழுக்க அவனுக்குத் தலைகீழ்ப் பாடம். இந்த வரி அதில் இல்லை. நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினான். இல்லவே இல்லை. அப்படியானால் யாருக்குச் சொல்கிறாள்? வாயைத் திறந்து கேட்டிருந்தால் முத்தா உதிர்ந்திருக்கும்? மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்துவிட்டான்.

சாயங்காலம் உடை மாட்டும்போது அவள் புலம்பினாள். "அக்கா, கடைசிக் காட்சி வசனம் இன்னும் மண்டையில ஏறல."

"உன் வீட்டுக்காரன் உக்காந்திருக்கான்ல? வேற எதுக்குடி அவனைக் கட்டிக்கிட்ட?"

"அதுக்குத்தாங்க்கா கட்டிக்கிட்டேன்," என்று சிரித்தாள்.

கடைசிக் காட்சி. விஷக் கோப்பையைக் கையில் பிடித்தபடி நின்றவளுக்கு வசனம் மறந்துவிட்டது. தட்டிப் பக்கம் திரும்பினாள். அவனுக்குப் பின்னால் நான் சால்வையோடு நிற்கிறேன். அவன் நோட்டை மூடினான்.

"சொல்லித் தொலைடா!" என்றேன்.

"நான் எதுக்கு? நோட்டுல இல்லாத வசனமெல்லாம் சுருட்டைகிட்டதானே படிக்கிறா. அவனே எடுத்துக் குடுக்கட்டும்."

கூட்டத்திலிருந்து ஒருவன் கத்தினான்: "குடிச்சிரு தாயி, நாங்க வீட்டுக்குப் போகணும்!"

கொட்டகையே சிரித்தது. அவள் கோப்பையைத் தரையில் வைத்துவிட்டு உள்ளே வந்தாள். "எந்த வசனம்?" என்று ஒரே கேள்விதான் கேட்டாள். காலையில் அடுப்படியில் கேட்டதை அவன் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்.

பக்கத்தில் நின்ற எழுத்தாளர் பதறிப்போனார். "அடப்பாவி! அது நான் எழுதினதுய்யா. கப்பல்ல போன புருஷனை நெனச்சு அவ சொல்றது."

அந்தக் கதையை வரி வரியாக மனப்பாடம் பண்ணியவனுக்கே புத்தி வரவில்லை. காசு கொடுத்துப் பார்க்க வந்தவர்களுக்கு எங்கே வரப்போகிறது?

அவள் நேராக அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். நாலாம் நாள் முணுமுணு என்னைத் தூது அனுப்பினான்.

"கால்ல விழறேங்கிறான்டி," என்றேன்.

"சந்தேகப்பட்டதை மன்னிச்சுட்டேங்க்கா. அது அவர் கூடப் பொறந்த வியாதி. ஆனா நான் திரும்பிப் பாத்தப்போ அடுத்த வரி அவர் வாய்ல இருந்துச்சு. அதை அவர் முழுங்கினதை என் கண்ணால பாத்தேன். இனிமே எந்த தைரியத்துல அவர் பக்கம் திரும்புவேன்?"

தனியாகத் திரும்பி வந்தேன். வேறு குழுவில் சேர்ந்துவிட்டாள். எங்கள் ஆட்களும் இப்போது எல்லா வசனத்தையும் நெட்டுருப் போட்டுவிட்டுத்தான் மேடை ஏறுகிறார்கள். தப்பித் தவறி மறந்தாலும் வாய்க்கு வந்ததைச் சொல்லிச் சமாளிக்கிறார்கள். தட்டிப் பக்கம் ஒருவரும் திரும்புவதில்லை.