பொன்னுக்கு வீங்கி என்று நினைத்தோம்

பேத்தியின் அங்கன்வாடிக்குப் பிள்ளைகளின் பல்லைப் பார்க்க ஒரு டாக்டரம்மா வந்திருந்தார். துணைக்குப் போனவன் நான். பேத்தியின் கடைவாய்ப் பல்லில் சின்னதாக ஒரு கறுப்பு. திங்கட்கிழமை காரைக்குடிக்குக் கூட்டிவந்தால் அடைத்துவிடலாம் என்றார். பேத்தி சிரிக்கிறாள்; நான்தான் முருகா, முருகா என்று முணுமுணுத்துக்கொண்டு நின்றேன். டாக்டரம்மாவின் பையிலிருந்து கிராம்புத் தைல வாசம் வந்தது.

அந்த வாசம் என் தங்கை வள்ளியுடையது. அப்போது அவளுக்கு நாலு வயதிருக்கும். சொத்தைப் பல்லில் அம்மா கிராம்பை நசுக்கி வைத்தபடியே இருப்பாள். பால் பல்தானே, விழுந்து முளைக்கும் என்பார்கள் எல்லாரும். ஒரு காலையில் கன்னம் உப்பி, காய்ச்சல் கொதித்தது.

உங்கள் பக்கமும் இருந்திருக்கும், கன்னம் வீங்கினால் பொன்னுக்கு வீங்கி என்று கழுத்தில் தங்கம் போடுகிற வழக்கம். அம்மன் வந்திருக்கிற வீடென்று மருந்துக்கும் போகமாட்டார்கள். அப்பா நகை செய்கிற பத்தர். ஆனால் எங்கள் வீட்டில் சொந்தத் தங்கம் குன்றிமணிகூடக் கிடையாது. செட்டியார் வீட்டு ஆச்சி ஒருவர் தம் பேத்திக்குச் செய்யச் சொல்லியிருந்த சின்னச் சங்கிலியை அப்பா எடுத்து வள்ளிக்குப் போட்டார். வேப்பிலை கட்டி, விளக்கேற்றிக் கும்பிட்டோம்.

வீக்கம் வடியவில்லை. தாடைக்கடியில் இறங்கிக் கழுத்துக்கு வந்தது. சங்கிலி சதைக்குள் பதிந்தது. கொக்கி எங்கே என்றே தெரியவில்லை. மூச்சு விசிலடித்தது. அப்பா பட்டறைக் கத்திரியை எடுத்துவந்தார். அதன் நுனியைச் சங்கிலிக்கடியில் நுழைத்தார். கண்ணை மூடிக்கொண்டேன். 'டிக்' என்ற சத்தம் மட்டும் கேட்டது.

நகையை வாங்க வந்த ஆச்சி வாசலில் நின்று பார்த்தார். அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"நகை கிடக்கட்டும், பத்தரே. பிள்ளையத் தூக்கிக்கிட்டு என் கார்ல ஏறுங்க."

மதுரை வரைக்கும் அம்மா வள்ளியின் மூக்கருகே விரலை வைத்தபடியே வந்தாள். அங்கே டாக்டர் முதலில் வாயைத்தான் திறந்து பார்த்தார். சொத்தைப் பல்லின் சீழ் இறங்கியிருக்கிறது, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் மூச்சு அடைத்திருக்கும் என்றார்.

வள்ளி பிழைத்தாள். அம்மனுக்கு மாவிளக்குப் போட்டுவிட்டுத் திரும்பும்போது அம்மா தெருவிலேயே நின்றுவிட்டாள். எதிர்வீட்டுச் செல்லம், வள்ளியோடு விளையாடினவள், முந்தின கோடையில் இதே மாதிரி கன்னம் வீங்கித்தான் போய்ச் சேர்ந்தாள். அம்மன் அழைத்துக்கொண்டாள் என்று ஊரே ஆறுதல் சொல்லியிருந்தது.

"ஏங்க, அப்ப செல்லத்துக்கும் பல்லுதானா?"

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. செல்லத்தின் அம்மா வெளியே வந்து, வள்ளி தேறிவிட்டாளா என்று கேட்டாள்.

"ஆத்தா புண்ணியத்துல நல்லா இருக்கா அக்கா," என்றாள் அம்மா.

பல்லைப் பற்றிச் செல்லத்தின் அம்மாவிடம் கடைசிவரை யாரும் சொல்லவில்லை. அவர்கள் வீட்டை விற்றுவிட்டுப் போனார்கள். எங்கே என்று தெரியாது. அங்கே இப்போது செல்போன் கடை இருக்கிறது. அந்தத் தெருவில் செல்லம் என்று ஒரு பிள்ளை ஓடித் திரிந்ததை நினைத்துக்கொள்ள வள்ளியும் நானும்தான் மிச்சம்.