குடை மாற்றிய கதை

விசிட்டிங் கார்டில் அவர் தன் பெயரைக் 'கழுகு' என்று அச்சடித்து வைத்திருந்தார். தெருவில் எல்லோரும் அவரைக் குடைக்காரர் என்றுதான் சொன்னார்கள். தொழில் துப்பறிவது.

அந்த நகரத்துச் சோம்பேறிகளுக்குப் பொற்காலம் பிறந்திருந்தது. அதே முகம், அதே குரல், அதே நடையோடு இயந்திரப் பதிலாள் வாடகைக்குக் கிடைத்தது. அதை ஆபீசுக்கு அனுப்பிவிட்டு அசல் ஆள் வீட்டில் குறட்டை விடலாம். தொட்டால் தோல் சுடும். கேட்டால் "நான்தாங்க" என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்யும். உடம்பைக் கழற்றிப் பார்க்கவோ சட்டம் விடாது. யார் அசல், யார் பதிலாள் என்று கண்டுபிடிக்க நம் கழுகு மூக்கை நுழைத்தார்.

கையில் கருவி என்று எதுவும் கிடையாது. ஒரே ஒரு கதைதான் இருந்தது. குடை வாங்கி, கம்பி உடைந்து, கடைக்காரனோடு மல்லுக்கட்டி அதை மாற்றிய கதை. மனிதனாகப் பிறந்தவன் கம்பி உடைவதற்குள் கொட்டாவி விடுவான், இல்லையென்றால் "எனக்கும் இப்படித்தான் ஒரு தடவை" என்று குறுக்கே பாய்வான். பதிலாள் மட்டும் கண்கொட்டாமல் முழுதும் கேட்டுவிட்டு, "அப்புறம்?" என்று வேறு கேட்கும். ஒரு கம்பெனியில் ஊழியர்களைச் சோதிக்கக் கூப்பிட்டார்கள். கூட்ட அறையில் ஒருவர்கூடக் கொட்டாவி விடவில்லை, குறுக்கே பாயவில்லை. கூப்பிட்ட முதலாளியும் கடைசிவரை ரசித்துக் கேட்டார் என்பதுதான் வேடிக்கை.

வீட்டில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. முன்பெல்லாம் குடை என்றாலே, "போதும், இதுக்குக் குக்கர் சத்தமே தேவல" என்பாள் மனைவி. இப்போது தங்கமாக மாறிவிட்டாள். எதிரே உட்கார்ந்து தலையாட்டிக் கேட்டாள். தன் பேச்சுத் திறமை கூடிவிட்டது என்று மனிதர் நம்பினார். தன்னைப் பற்றி யார் நல்லது சொன்னாலும் நம்புகிறவர் அவர், தானே சொன்னால் கேட்கவா வேண்டும்!

ஒரு நாள் பல் டாக்டரம்மா ஒருவர் வந்தார்.

"சார், என் வீட்டுக்காரர் மேல சந்தேகமா இருக்கு."

"வேற பொண்ணா?"

"அப்படின்னாக்கூடப் பரவாயில்லயே. கொஞ்ச நாளா நான் பேசறத முழுசா கேக்கறார். பயமா இருக்கு."

கழுகு விழுந்து விழுந்து சிரித்தார். "இதுல என்னம்மா பயம்? எங்க வீட்ல நான் குடைக் கதைய தினமும் சொல்றேன். அவ கடைசி வரைக்கும் கேட்டுட்டு, அப்புறம்னு..."

டாக்டரம்மா அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

கழுகு வீட்டுக்கு ஓடினார். செருப்பைக்கூடக் கழற்றாமல் கதையை ஆரம்பித்தார். குறுக்கே பேசு தாயே, ஒரு வார்த்தை திட்டு என்று மனதுக்குள் கெஞ்சினார். கம்பி உடைந்தது. குடை மாறியது.

"அப்புறம்?" என்றாள்.

ஊரார் வீட்டு அசலையெல்லாம் தேடிப் பிடித்த மகான், சொந்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அழுதார். அதையும் அது பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அவ எங்க?"

"அக்கா வீட்டுல. நீங்க கேட்டா சொல்லச் சொன்னாங்க."

இத்தனை நாளும் அவர் கேட்கவில்லை.

கதவைத் திறந்த மனைவியின் அக்கா, "வாங்க மாப்பிள, இப்பதான் தெரிஞ்சுதா? அவ மழைக் காலத்துல வந்தவ, இப்ப வெயில் கொளுத்துது" என்றாள். உள்ளே மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"வீட்டுக்கு வந்துடு. நீ இல்லாம என்னால முடியாது."

"வர்றதுக்கு முன்னாடி ஒண்ணு. வந்திருக்கிறது நீங்களா, உங்க பதிலாளான்னு எனக்குத் தெரியணும்." துணியைக் கீழே வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். "கிளம்பின அன்னிக்கு என் மனசு எப்படி இருந்துச்சு தெரியுமா? கதவச் சாத்திட்டு, படியில கொஞ்ச நேரம் உக்காந்து..."

"படியா? அந்தக் குடைக் கடையிலயும் இப்படித்தான் ஒரு படி, காலை வெச்சா..."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மனைவி தலையைத் திருப்பினாள். "சந்தேகமே இல்லக்கா, அசல்தான்" என்று அக்காவிடம் சொல்லிவிட்டு, மிச்சத் துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.